பதிவேட்டை உரக்க வாசிக்கட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

மக்கள் அமைப்புகள் என்றாலே ஊர்வலமும் கோஷமும்தான் என்று அலுத்துக்கொள்கிறவர்கள், ராஜஸ்தானில் நடந்ததைக் கொஞ்சம் பார்க்கலாம். அங்கே தேவ்துங்ரி என்ற கிராமத்தில் 1990-இல் சிறு விவசாயிகளும் கூலித் தொழிலாளர்களும் சேர்ந்து 'மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன்' (தொழிலாளர், விவசாயிகள் சக்தி அமைப்பு) என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். கேட்டது அரசுப் பணிகளில் உழைத்ததற்குக் குறைந்தபட்சக் கூலி, அவ்வளவுதான். நீங்கள் அந்த அளவுக்கு வேலையே செய்யவில்லை, வேலைப் பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது என்று அதிகாரிகளிடமிருந்து பதில் வந்தது. சரி, அந்தப் பதிவேட்டைக் காட்டுங்கள் என்றார்கள் இவர்கள்.

1994 டிசம்பரில் அதே மாநிலத்தின் கோட் கிரானா கிராமத்தில் ஊரைக் கூட்டி, அரசுப் பணிகளின் கணக்கை உரக்க வாசித்தார்கள். கூரைகூடப் போடாத அரசுக் கட்டடம் ஒன்று, காகிதத்தில் கட்டி முடிந்திருந்தது! எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அன்று தணிக்கையாளர்கள் ஆனார்கள். அரசுக் கணக்குகளைப் பார்க்கும் உரிமை கேட்டு, 1996-இல் ராஜஸ்தானின் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா. அப்புறம் 2005-இல் நாடாளுமன்றமே கொண்டுவந்த தகவல் உரிமைச் சட்டம்.

நம் கிராம சபைகளில் வரவு செலவை அவசரமாக வாசித்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு கலைவதைப் பல ஊர்களில் பார்க்கிறோம். அடுத்த கூட்டத்திலாவது யார் யாருக்கு எவ்வளவு கூலி போனது என்பதைப் பெயர் சொல்லி வாசிக்க ஊராட்சிகளுக்கு அரசு உத்தரவிட வேண்டும்.

— ஒரு வாசகர், தேனி