சுந்தரத்துக்கு ஒரு கடிதம்

நாயுடுபுரம், கொடைக்கானல்
ஐப்பசி

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே மழை ஓயவில்லை. என் முழங்கால் வலி கூடியிருப்பதைத் தவிர வீட்டில் எல்லாரும் நலம். "தாசில்தார் என்று கூப்பிட ஆளில்லாமல் போனபின் நான் யார் என்றே தெரியவில்லை, இனி ரமணரின் ஆத்ம விசாரத்தைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்" என்று எழுதியிருந்தாய். 'நான் யார்' என்று தன்னுள்ளே தேடுகிற அந்த விசாரத்தைப் பற்றி மட்டும் சற்று விரிவாக எழுதுகிறேன்.

பதவி போனதால் வந்த வெறுமைக்கு விசாரத்தை மருந்தாக எடுத்துக்கொள்ளாதே. அந்த வெறுமைக்கு நாலு பேரோடு பழகுவதும், பேரனைப் பள்ளிக்கு அழைத்துப்போவதும் போதும். 1896-இல், மதுரையில் உன் வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் உள்ள சொக்கப்ப நாயக்கன் தெரு வீட்டில், திடீரென்று மரண பயம் பற்றியபோது, பின்னாளில் ரமணர் ஆன அந்தப் பதினாறு வயதுப் பையனிடம் இழப்பதற்குப் பதவி எதுவும் இருக்கவில்லை. பிணம்போல் உடலைக் கிடத்திவிட்டு, இந்த உடல் செத்தால் நானும் சாகிறேனா என்று அவர் உள்ளே பார்த்தார். தாசில்தார் என்ற பட்டத்தை இழந்தவன் வேறொரு பட்டத்தைத் தேடுகிறான். அவரோ எல்லாப் பட்டங்களையும் தன்மேல் ஏற்றிக்கொள்ளும் அந்த 'நான்' எங்கிருந்து எழுகிறது என்று தேடினார்.

உன் துறைக்காரர் ஒருவரையும் நினைவூட்ட வேண்டும். தென்னார்க்காடு வருவாய்த் துறையில் பணியாற்றிய சிவப்பிரகாசம் பிள்ளை, பணியில் இருக்கும்போதே திருவண்ணாமலை விரூபாக்ஷ குகைக்குப் போய்க் கேட்ட கேள்விகளுக்கு, அப்போது பேசாதிருந்த ரமணர் எழுதிக் காட்டிய விடைகள்தாம் 1923-இல் 'நான் யார்?' என்ற சிறுநூலாக வந்தன. ஓய்வூதியம் வரும்வரை அவர் காத்திருக்கவில்லை என்பதை, கிண்டலாக எடுத்துக்கொள்ளாமல், கவனித்துக்கொள்.

தினமும் காலையில் "நான் யார், நான் யார்" என்று ஜபிப்பதாகவும் எழுதியிருந்தாய். ஜபத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் விசாரம் வேறு. மகன் தொலைபேசியில் சுருக்கமாகப் பேசி வைத்துவிட்டான், உனக்கு மனத்தாங்கல் எழுகிறது என்று வைத்துக்கொள். அவன் ஏன் அப்படிப் பேசினான் என்று மனம் ஓடும்போது, இந்த வருத்தம் யாருக்கு என்று கேட்டால் 'எனக்கு' என்று தோன்றும். அந்த 'எனக்கு' என்பதில் உள்ள 'நான்' யார் என்று, விடையாக ஒரு சொல்லையும் எதிர்பாராமல், கவனத்தை அதன்மேலேயே திருப்ப வேண்டும். 'நான் ஆத்மா' என்று மனம் சொல்லும் விடையும் இன்னொரு நினைவுதான். அது யாருக்குத் தோன்றியது என்று மறுபடியும் கேட்க வேண்டியதுதான். மற்ற நினைவுகளை அழித்தபின் இந்தக் கேள்வியும், பிணம் சுடுகிற தடிபோல், தானே எரிந்துபோகும் என்கிறார் ரமணர். மூச்சை அடக்கினாலும் மனம் அடங்கும். ஆனால் மூச்சு திரும்பியதும் மனமும் திரும்பிவிடும் என்று அவர் எச்சரித்திருப்பதால், உன் பிராணாயாம வகுப்பை இதற்கு ஈடாகக் கருதாதே.

இதற்கு ஆசனமும் தனியிடமும் தேவையில்லை. கொடைக்கானலில் குடியிருப்பதால் எனக்கு இது எளிது என்று நீ நினைப்பது சரியன்று. மனம் இந்த மலைக்கும் பேருந்து ஏறி வந்துவிடுகிறது. குறிஞ்சி ஆண்டவர் கோயிலில் பழனி மலை தெரிகிறதா என்று எட்டிப் பார்க்கிற கூட்டத்தில் நின்றுகொண்டும் இதைச் செய்யலாம்.

ஆழ்ந்த உறக்கத்தில் உனக்குப் பெயரும் தாசில்தார் பதவியும் இல்லை. ஆயினும் எழுந்தபின் 'நன்றாகத் தூங்கினேன்' என்கிறாய். விழித்ததும் முதலில் 'நான்' எழுகிறது, அதன்பிறகே மதுரையும் வீடும் முட்டிவலியும் வருகின்றன. எந்த நூலைப் படித்தாய் என்பதை விட்டுவிட்டு, அந்த இடைவெளியில் நீ என்ன பார்த்தாய் என்பதை அடுத்த கடிதத்தில் எழுது. தங்கச்சிக்கு என் அன்பைச் சொல்.

உன்,
ராமநாதன்