எகிப்துக் கண்காட்சிக்கு அழைப்பும் ஒரு வேண்டுகோளும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

வரும் வெள்ளிக்கிழமை பிற்பகல் 3 மணிக்கு ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் பண்டைய எகிப்து பற்றிக் கண்காட்சி வைக்கிறார்கள். பிரமிடுகளை விட்டுவிட்டு, அந்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் எப்படி வாழ்ந்தார்கள் என்ற தலைப்பை எடுத்தவர்கள் பிள்ளைகளேதான். "இதெல்லாம் தேர்வுக்கு வருமா?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். வராது. ஆனாலும் வந்து பாருங்கள்.

பிரமிடுகள் நிற்கும் கீசாவில் அடக்கம் செய்யப்பட்ட செனெப் மிகவும் குள்ளமானவர். அரண்மனை அதிகாரி, பூசாரியும்கூட. அவருடைய குடும்பச் சிலையில் அவர் சம்மணமிட்டு அமர்ந்திருக்க, மனைவி அணைத்தபடி இருக்கிறார். மற்றவர்களுக்குக் கால்கள் தொங்கும் இடத்தில் சிற்பி இரண்டு குழந்தைகளை நிறுத்திவிட்டார். குட்டைக் கைகால்களை மறைக்கவும் இல்லை, சிலையின் அமைப்பு குலையவும் இல்லை. அந்தச் சிற்பியின் சாமர்த்தியத்தை என்னவென்று சொல்வது!

ரோமா என்ற வாயிற்காவலரின் கல்வெட்டுப் பலகை இப்போது டென்மார்க்கின் கோபன்ஹேகனில் இருக்கிறது. ஒரு கால் சூம்பிய நிலையில், கைத்தடியோடு தெய்வத்துக்குப் படையல் இடுகிறார். இளம்பிள்ளை வாதமாக இருக்கலாம் என்பது பலரது கருத்து.

எனக்கு மிகவும் பிடித்தது ஒரு கட்டைவிரல். நைல் நதிக்கரை நகரமான லக்ஸருக்கு எதிர்க்கரையில், பூசாரி ஒருவரின் மகளுடைய மம்மியின் வலது காலில் இருந்தது. ஏறக்குறைய 3000 ஆண்டுப் பழமை. மரமும் தோலும் சேர்த்துச் செய்து, நகம்கூடச் செதுக்கியிருக்கிறார்கள். காலுக்குப் பொருந்தும்படி பலமுறை திருத்தியதும் ஆய்வில் தெரிந்தது. உயிரோடு இருந்தபோதே அதை மாட்டிக்கொண்டு நடந்திருக்கிறார் அந்த அம்மாள்.

எகிப்தைச் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. குள்ளர்களை அரண்மனையில் வேடிக்கைக்கும் வைத்திருந்தார்கள். "குருடனைப் பார்த்துச் சிரிக்காதே, குள்ளனைச் சீண்டாதே" என்று அமெனெமோப்பே என்ற பண்டைய எகிப்திய எழுத்தர் அறிவுரை எழுத வேண்டியிருந்தது என்றால், சிரித்தவர்களும் சீண்டியவர்களும் அங்கேயும் இருந்தார்கள் என்றுதானே பொருள்?

இனி வேண்டுகோள். மாலையில் பிள்ளைகளை அழைக்க வருபவர்கள் முன்வாசல் சாய்தளத்தின் மீதே இருசக்கர வாகனங்களை நிறுத்துகிறீர்கள். கேட்டால் "இரண்டு நிமிடம்தானே சார்" என்கிறீர்கள். சக்கர நாற்காலியில் வரும் எங்கள் ஏழாம் வகுப்பு மாணவி அதுவரை உள்ளேயே காத்திருக்கிறாள். சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் வேண்டிய இடம் இருக்கிறது. வெள்ளிக்கிழமையிலிருந்து வண்டிகளை அங்கேயே நிறுத்துங்கள். கண்காட்சி தரைத்தளத்தில்தான். வீட்டுப் பெரியவர்களையும் அழைத்து வாருங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்