எழுதி வாங்கித்தான் உள்வாடகைக்கு விட்டேன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை வாடகைத் தகராறு பத்தி உங்க பேப்பர்ல வந்த கட்டுரைல, உள்வாடகைக்கு விடுறவங்கள, அதாவது தான் வாடகைக்கு எடுத்த எடத்துல கொஞ்சத்த இன்னொருத்தருக்கு வாடகைக்கு விடுறவங்கள எல்லாம் ஓனர ஏமாத்திப் பொழைக்கிறவங்கன்ற மாதிரி ஒரு வரி இருந்துச்சு. அந்த வரிய மட்டும் போட்டோ எடுத்து, சென்னைல இருக்கற எங்க ஓனர் பையன் எனக்கு வாட்ஸ்அப்ல அனுப்பி "இதுக்கு என்னக்கா சொல்றீங்க"ன்னு கேக்குறாரு. அன்னிக்கு ராத்திரி எனக்கு சோறு எறங்கல.

திருப்பாதிரிப்புலியூர்ல பதினெட்டு வருஷமா தையல் கடை வச்சிருக்கேன். 2020 லாக்டவுன்ல கடைய மூடினதுல மூணு மாச வாடகை பாக்கி நின்னுச்சு, தொறந்த பிறகும் கல்யாண ப்ளவுஸ்னு ஒரு ஆர்டர் வரல, அப்ப பெரியவர்தான், அதாவது இந்தப் பையனோட அப்பா, முன்பக்கம் ஏழடி சும்மாதானம்மா கெடக்கு, யாரயாச்சும் வச்சுக்கிட்டு வாடகைய கட்டப் பாருன்னாரு. வாய்வார்த்தை போதும்னு நான் விடல. தெரிஞ்ச வக்கீல்கிட்ட கேட்டேன். 1960 வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துலயே ஓனர் எழுத்துல சம்மதம் குடுக்காம உள்வாடகைக்கு விட்டா காலி பண்ணச் சொல்லலாம்னு இருந்துச்சு, 2019 பிப்ரவரில நடைமுறைக்கு வந்த புது வாடகைச் சட்டமும் முன்கூட்டியே எழுதி வாங்கணும்னுதான் சொல்லுதுன்னாரு. எழுதி வாங்கினேன். எந்த எடம், எத்தன அடி, யாருக்கு, என் வாடகை முடிஞ்சா முன்பக்கத்த எடுத்த தம்பியோட வாடகையும் முடிஞ்சுது, எல்லாம் அதுல இருக்கு. பெரியவருக்குக் கை நடுக்கம், கையெழுத்து கோணலா ஏறி எறங்கிக் கெடக்கும். மிஷின் டிராயர்ல பாபினுக்கு அடில பிளாஸ்டிக் கவர்ல வச்சிருக்கேன்.

பெரியவர் போன வருஷம் காலமாயிட்டாரு.

உங்களுக்குத் தெரியாததில்ல சார். 2011 டிசம்பர்ல தானே புயல் அடிச்சப்ப எங்க கடை ஷீட்டு பறந்துச்சு, என் வளையல வச்சு நான்தான் மாத்திப் போட்டேன், 2015 வெள்ளத்துல மோட்டார் ரெண்டும் போச்சு, அப்பல்லாம் வாடகைக்கு இருக்கறவங்க என்ன செலவு பண்றாங்கன்னு ஒரு வரி வரலியே. பதினோரு மாசத்துக்கு ஒரு தடவ அக்ரிமென்ட் புதுப்பிக்கறப்பல்லாம் வயித்துல புளியக் கரைக்குது. அட்வான்ஸ், அக்ரிமென்ட்ல வேற மாதிரி எழுதிக்கலன்னா மூணு மாச வாடகைக்கு மேல வாங்கக் கூடாதுன்னு அந்தப் புது சட்டத்துல இருக்கு, ஆனா கடைவீதில பத்து மாசம் குடுன்னு கேக்குறாங்க. அத ஒரு நாள் எழுதக் கூடாதா? முன்னாடி ரெண்டு லெட்டர் போட்டேன், ரெண்டும் வரல, அதுக்காக நான் பேப்பர நிறுத்தல.

முன்பக்கம் செல்போன் ரிப்பேர் பண்ற தம்பி உங்க பேப்பர கைல வச்சுக்கிட்டு "அக்கா, நாம பண்றது தப்பா?"ன்னு கேட்டான். அவனுக்கு இருபத்திநாலு வயசு, போன மாசம்தான் கண்ணாடி ஷோகேஸ் தவணைல எடுத்துப் போட்டிருக்கான்.

ஓனர் சம்மதத்த எழுத்துல வாங்கி உள்வாடகைக்கு விடறது ஏமாத்து வேல இல்லன்னு, அதே பக்கத்துல, அதே சைஸ் எழுத்துல ஒரு வரி போடுங்க. அத போட்டோ எடுத்து அந்தப் பையனுக்கு நான் அனுப்பிக்கிறேன். சம்மத லெட்டரோட ஜெராக்ஸ் இதோட வச்சிருக்கேன், பெரியவர் பேர மட்டும் பேப்பர்ல போட்டுடாதீங்க.

இப்படிக்கு,
தையல் கடை வாசகி,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்