எமுலேட்டர் திறக்காததற்குப் புது லேப்டாப்பா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிருஷ்ணகிரி, தர்மபுரி, வேலூர்ப் பக்கங்களிலிருந்து பெங்களூருக்கு வந்து ஆண்ட்ராய்டு செயலி உருவாக்கம் படிக்கும் நம் பிள்ளைகளில் பலர் 8 ஜிபி ராம் உள்ள லேப்டாப்பைத்தான் வைத்திருக்கிறார்கள். கணினித் திரையிலேயே கைபேசியை இயக்கிக் காட்டும் எமுலேட்டரைத் திறந்ததும், நினைவகத்தை ஒதுக்க முடியவில்லை என்ற பிழைச் செய்தி வந்து நின்றுவிடுகிறது. பயிற்சி மையத்தில் கேட்டால், புது லேப்டாப் வாங்கச் சொல்கிறார்கள். கடன்பட்டுப் படிக்க அனுப்பிய குடும்பத்திடம் இப்படிக் கைகழுவுவது முறையல்ல.

பெரும்பாலும் கோளாறு இருப்பது செட்டிங்ஸில். எமுலேட்டர் கேட்கும் நினைவகத்தைத் தர ஒப்புக்கொள்ளுமுன், விண்டோஸ் ராமின் அளவோடு, ராமுக்குத் துணையாக வட்டில் உள்ள பேஜிங் ஃபைலின் அளவையும் கூட்டித்தான் கணக்குப் பார்க்கிறது. லேப்டாப் வேகமாகும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு இந்த ஃபைலை நிறுத்தி வைத்திருப்பவர்கள் உண்டு; சி டிரைவ் நிரம்பி, அது வளர இடமில்லாமல் போவதும் உண்டு. டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்து, 'கமிட்டெட்' என்ற இடத்தில் 7.5/7.8 என்பதுபோல் ஒதுக்கிய அளவு, உச்ச வரம்பு என்ற இரண்டு எண்களும் நெருங்கி நின்றால், ராமில் சிறிது இடம் மீதமிருந்தாலும் எமுலேட்டர் எழாது. வெர்ச்சுவல் மெமரி அமைப்பில் பேஜிங் ஃபைலை விண்டோஸின் பொறுப்பிலேயே விட்டு, சி டிரைவில் சில ஜிபி இடத்தைக் காலிசெய்து, லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்தால் பலருக்கு இத்தோடு தீர்ந்துவிடும்.

தீராவிட்டால், செயலியை எழுதப் பயன்படும் மென்பொருளான ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவின் டிவைஸ் மேனேஜரில் அந்த எமுலேட்டரின் ராம் அளவை 2048 எம்பி அல்லது 1536 எம்பி ஆக்கலாம். அதற்கும் கீழே போனால் புதிய ஆண்ட்ராய்டு பதிப்புகள் தவழத்தான் செய்யும். மாற்றிய பின் 'கோல்டு பூட்' (முதலிலிருந்து புதிதாக எழுப்புவது) கொடுத்தே திறக்க வேண்டும், ஏனெனில் முன்பு சேமித்துவைத்த நிலையிலிருந்து அது எழ முயன்றால் பழைய குழப்பம் தொடரக்கூடும். ஸ்டூடியோவும், எழுதிய நிரலைச் செயலியாகக் கட்டித் தரும் கிரேடிலும் தனித்தனியே நினைவகத்தைப் பிடித்துக்கொள்வதால், குரோமில் திறந்து கிடக்கும் பக்கங்களையாவது மூடிவிடுவது நல்லது.

ஸ்டூடியோவுக்கு 8 ஜிபி, எமுலேட்டரும் சேர்ந்தால் 16 ஜிபி என்றுதான் கூகுளே குறிப்பிடுகிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் எமுலேட்டர் இல்லாமலும் படிக்கலாம். கையிலுள்ள ஆண்ட்ராய்டு போனின் செட்டிங்ஸில் உள்ள பில்ட் நம்பரை ஏழு முறை தட்டி, டெவலப்பர் ஆப்ஷன்ஸில் யூஎஸ்பி டீபக்கிங்கை இயக்கி, கேபிளால் இணைத்தால் செயலி அந்தப் போனிலேயே ஓடும். பிழையைக் கண்டுபிடிக்க இது எமுலேட்டரைவிட நம்பகமான வழி என்பது என் கருத்து.

அதன் பிறகும் ராம் கூட்டியே ஆகவேண்டும் என்றால், பெங்களூரின் மின்னணுக் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் ஒரு ராம் வாங்கிப் போடுவது புது லேப்டாப்பைவிட எவ்வளவோ மலிவு. ராமில் வகைகள் உண்டு, டிடிஆர்4 போடும் இடத்தில் டிடிஆர்5 பொருந்தாது; மெல்லிய மாடல்கள் சிலவற்றில் ராம் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். லேப்டாப்பையே எடுத்துப் போய்க் காட்டிக் கேட்பது உத்தமம்.

பயிற்சி மையங்கள் கட்டணம் வாங்குமுன் மாணவர்களின் லேப்டாப்பைப் பார்த்து, என்ன தேவை என்பதை எழுத்தில் தர வேண்டும் எனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மென்பொருள் துறை வாசகர் ஒருவர்,
அல்சூர், பெங்களூரு.