அலுமாரித் திறப்பைக் கொஞ்சம் தாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஒக்டோபர் பிறந்தால் தேசிய வாசிப்பு மாதம் என்று திருகோணமலையிலும் பனர் தொங்கும், போட்டிகள் நடக்கும். போன வருடம் என் பேத்தி ‘வாசிப்பின் பயன்கள்’ கட்டுரையைப் பாடமாக்கி எழுதிப் பரிசும் வாங்கினாள். அந்த மாதம் முழுக்க அவள் ஒரு கதைப்புத்தகத்தைக்கூடத் தொடவில்லை.

அவளைக் குறை சொல்லமாட்டேன். இப்போது ஐந்தாம் தரம். புலமைப்பரிசில் பரீட்சை முடியும்வரை வீட்டில் வேறு பேச்சில்லை. பாடசாலை விட்டால் ரியூசன், சனி ஞாயிறும் அதுவே. கதைப்புத்தகத்தை நீட்டினால், “அம்மப்பா, இதிலயிருந்து கேள்வி வருமா?” என்கிறாள்.

அதற்காகக் கதையே பிடிக்காது என்றில்லை. மாரி மழையில் கரண்ட் போன ஒரு இரவு, கன்னியா வெந்நீர்க் கிணறுகளின் கதையைச் சொன்னேன். தாயின் கிரியைக்காக இராவணன் நிலத்தில் குத்த, ஏழு இடத்தில் தண்ணீர் வந்ததாம். “ஏன் ஏழு? ஏன் சுடுதண்ணி?” என்று துளைத்துவிட்டாள். என் சரக்கு அத்தோடு தீர்ந்தது. மறுநாள் இராவணன் கதைப் புத்தகம் ஒன்றைத் தேடியெடுத்து, ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் அவள் என்று வாசித்தோம். நன்றாகத்தான் போனது. சும்மா இருக்காமல் நான், “சரி, இதில உனக்கு என்ன விளங்கினது?” என்று கேட்டேன். புத்தகத்தை மூடிவிட்டு எழும்பிப் போய்விட்டாள். பிழை என்னுடையதுதான்.

பாடசாலையில் என்ன நிலை? எனக்குத் தெரிந்த ஒன்றில் நல்ல கதைப்புத்தகங்கள் கண்ணாடி அலுமாரிக்குள் பூட்டிக் கிடக்கின்றன. திறப்பு ஒரு ஆசிரியையிடம். தொலைந்தால் கணக்கெடுப்பில் அவர்தான் பதில் சொல்லவேண்டும், பாவம். தொலைவதையும் கிழிவதையும் ஆசிரியர் தலையில் கட்டாமல் இருந்தாலே பாதி அலுமாரிகள் திறந்துவிடும்.

அதுவரை எங்கள் சனசமூக நிலையங்கள் இருக்கின்றனவே. பெரியவர்கள் காலையில் பேப்பர் பார்த்துவிட்டுப் போனால் பின்னேரம் வாங்குகள் வெறுமையாகத்தான் கிடக்கின்றன. ஒரு பாய், ஒரு பெட்டி புத்தகம், ஞாயிறு பின்னேரம் ஒரு மணித்தியாலம் போதும். படக்கதையோ பேய்க்கதையோ, பிள்ளை எடுத்ததை வாசிக்கட்டும். பிடிக்காவிட்டால் பாதியில் வைக்கட்டும். எழுத வாசிக்கத் தெரியாத தம்பி தங்கைகளுக்கு மூத்ததுகள் வாசித்துக் காட்டும். மாரியில் டச்பே கடற்கரைக்கும் போகமுடியாது, தொடங்க அதுவே நல்ல காலம். ரியூசன் நடத்துபவர்கள் அந்த ஒரு மணித்தியாலத்தை மட்டும் விட்டுத்தந்தால் புண்ணியம்.

அப்புறம் ஒன்று, கோபிக்கவேண்டாம். உங்கள் சிறுவர் பக்கத்தில் ஒவ்வொரு கதைக்கும் கீழே ஐந்து கேள்விகள் போடுகிறீர்களே, அதையும் நிறுத்தப் பாருங்கள். பேத்தி முதலில் அதைத்தான் பார்க்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால் ஊழியர்,
உப்புவெளி, திருகோணமலை.