புகை பட்ட பொங்கல் பானையை ஒதுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மானாமதுரையில் மண்பாண்டம் செய்யும் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டவள் நான். வருடாவருடம் மார்கழிக் கடைசியில் எங்கள் கொட்டகையைத் திறந்து வைத்து, சேர்ந்திருக்கும் சரக்கையெல்லாம் நேரடியாக விற்கிறோம். வியாபாரி தருவதைவிட எங்களுக்குச் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கும். வாங்குகிறவர்களுக்கும் கடை விலையைவிடக் குறைவு. மதுரை, பரமக்குடி, சிவகங்கையிலிருந்தெல்லாம் வந்து பொங்கல் பானை, மூடி, அடுப்பு, மீன் சட்டி என்று பார்த்துப் பார்த்து எடுக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லவே இதை எழுதுகிறேன்.

பானையின் வயிற்றில் உள்ளங்கை அளவு கறுப்பு இருந்தால் உடனே கீழே வைத்துவிடுகிறார்கள். "இது சரியா வேகலையாக்கா?" என்கிறார்கள். நல்ல நாளுக்குக் கறுப்பு ஆகாது என்பவர்களும் உண்டு. அது குறையே இல்லை. சூளையில் காற்றுப் பட்ட இடம் சிவக்கும். பானையோடு பானை ஒட்டிய இடமும், விறகும் சாம்பலும் மூடிய இடமும் கறுத்து நிற்கும். இரண்டும் ஒரே நெருப்பில் வெந்தவைதான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பச்சைப் பானை லேசில் காயாது. ஈரத்தோடு சூளையில் அடுக்கினால் வெடித்துவிடும். அதனால் மார்கழி வெயிலை நம்பித்தான் பெரும்பகுதியைச் சுடுகிறோம். விறகும் ஈரம் காயாமல் கிடக்கும். புகை கூடும், கறுப்பும் கூடும். எப்படியும் முதல் பொங்கலிலேயே அடுப்புக் கரி பானை முழுக்க ஏறத்தானே போகிறது?

நிறத்தைப் பார்க்காமல் சத்தத்தைக் கேளுங்கள். கச்சேரிக்குக் கடம் செய்து அனுப்புகிற ஊர் இது. விரல் முட்டியால் தட்டினால் நன்றாக வெந்த பானை கணீரென்று பேசும். வேகாதது தொப்பென்று அடங்கிவிடும். விரிசல் இருந்தால் கரகரக்கும். சின்னப் பிள்ளைகூட இதைக் கண்டுபிடித்துவிடும்.

எனக்குப் பெரிய கவலை வேறொன்று. மக்கள் கறுப்பை ஒதுக்குகிறார்கள் என்று சில வியாபாரிகள் பானை முழுக்கப் பெயின்ட் அடித்து விற்கிறார்கள். நாங்கள் பூசும் செங்காவி சூளைக்குப் போகும் முன்பே பூசுவது. நெருப்பில் மண்ணோடு மண்ணாகச் சேர்ந்துவிடும். பெயின்ட் அப்படியில்லை, அடுப்பில் ஏறியதும் கருகி நாறும். அதற்கு அடியில் விரிசல் இருந்தாலும் வெளியே தெரியாது. பால் பொங்குகிற நேரத்தில் பானை விண்டுபோனால் அந்த வீட்டுப் பெண்ணின் மனசு என்ன பாடுபடும்!

மண்பாண்டத் தொழிலாளர்களுக்கு மழைக்கால நிவாரணமாக அரசு 5,000 ரூபாய் தருகிறது. பொங்கல் பரிசுத் தொகுப்பில் பானையும் அடுப்பும் சேர்க்கச் சொல்லித் தொழிலாளர்கள் பலமுறை மனுக் கொடுத்தாயிற்று. 2023இல் மானாமதுரை மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. எங்களுக்கெல்லாம் பெருமைதான். ஆனால் புகை பட்டது என்று ஒதுக்கிய பானைக்கு அந்தக் குறியீடு விலை வாங்கித் தராது. தை பிறந்துவிட்டால் பொங்கல் பானையை அடுத்த வருடம் வரை யாரும் கேட்கமாட்டார்கள்.

விலை பேசுங்கள், அது உங்கள் உரிமை. கறுப்பைக் காட்டிப் பாதி விலைக்குக் கேட்காதீர்கள். எந்த ஊரில் வாங்கினாலும் பெயின்ட் அடித்த பானை வேண்டாம் என்று கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள்.

ஒரு வாசகி,
மானாமதுரை.