சம்பளம் வராத ஊர்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. அக்கா பெண் நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

ரிட்டயர் ஆகியும் என் வரலாற்று டீச்சர் புத்தி போகவில்லை. இப்போது எகிப்து படிக்கிறேன். பிரமிடு இல்லை, டெய்ர் எல் மெதினா. நைலின் மேற்குக் கரையில், அரசர்களுக்குக் கல்லறை குடைந்து ஓவியம் தீட்டியவர்கள் குடும்பத்தோடு இருந்த ஊர். சம்பளம் தானியம்தான். ஆளுக்கு மாதம் நாலு மூட்டை கோதுமை, ஒன்றரை மூட்டை பார்லி.

மூன்றாம் ராமேசஸின் 29ஆம் ஆட்சியாண்டில், கி.மு. 1157 வாக்கில், அது வரவில்லை. 18 நாளாயிற்று, பசிக்கிறது என்று வேலையை விட்டுவிட்டுக் கோயிலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டார்கள். துணி இல்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, காய்கறி இல்லை, அரசருக்கு எழுதுங்கள் என்றார்கள். இதையெல்லாம் குறித்து வைத்த ஏடு இன்றும் இத்தாலியில் துரின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கடைசியில் நிலுவை வந்தது.

நாட்டிலேயே தேர்ந்த கைகள் அவை, தம்பி. சம்பளம் நின்றது அவர்கள் குற்றமா? வீட்டில் மறைத்திருந்தாலும், தினம் மாவு அரைக்கிறவளுக்குக் குதிரில் கோதுமை குறைவது தெரியாமலா போகும்?

உன் பணம் மட்டும் மாசாமாசம் தவறாமல் வருகிறது. அந்த விஷயத்தில் உன்னைப்போல் பிள்ளை யாருக்கும் கிடையாது. ஆனால் போனில் ரெண்டு நிமிஷம் பேசுவதற்குள் 'மீட்டிங்' என்கிறாய். உன் ரூம்காரப் பையனுடைய அம்மா கோயிலில் ஏதோ சொன்னாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

அதே ஊரில் நௌநக்தே என்று ஒருத்தி. எட்டுப் பிள்ளை பெற்றவள். வயதான காலத்தில் கவனிக்காத பிள்ளைகளுக்குத் தன் சொத்தில் பங்கில்லை என்று சாட்சி வைத்து எழுதிவிட்டாள். கவனித்த ஒரு மகனுக்கு வெண்கலக் கிண்ணம் ஒன்று தனியாக. பயப்படாதே, நம் வெண்கலப் பானை உனக்குத்தான், உன் அக்கா கண் வைத்திருந்தாலும்.

சாப்பாட்டில் மட்டும் மிச்சம் பிடிக்காதே. இந்த மாசம் பணம் அனுப்ப வேண்டாம், என் பென்ஷனே மிஞ்சுகிறது. கான்ட்ராக்ட், சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள். டிக்கெட்டுக்குப் பணம் வேண்டுமென்றால் அப்பாவிடம் கேட்காதே, என்னிடம் கேள்.

அம்மா